விலை சொன்னது யார்

“கமா. செமிகோலன். அடுத்த வரி உள்ளே தள்ளி ஆரம்பம்” என்று அண்ணி அந்த வக்கீல் நோட்டீஸை வாசித்த குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற முறை அது. ஒருவர் மூலத்தைப் புள்ளி, கோடு எதையும் விடாமல் சத்தமாக வாசிப்பார். மற்றவர் அச்சான பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை ஓட்டுவார். அன்று எங்கள் இருவர் கையிலும் இருந்தது ஒரே நோட்டீஸின் இரண்டு பிரதிகள். ஒன்று அச்சக உரிமையாளர் என்று அண்ணி பெயருக்கு வந்தது, மற்றது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவன் என்று என் பெயருக்கு வந்தது. நான் வரியைத் தவறவிட்டுத் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணியோ கல்யாணப் பத்திரிகையையும் கருமாதிப் பத்திரிகையையும் வாசிக்கிற அதே சமனான குரலில், ஆங்கிலத்தில் இருந்த அந்த நீண்ட வாக்கியத்தை வாசித்து முடித்துவிட்டு, “இவ்ளோ பெரிய வாக்கியத்துக்கு ஒரே ஒரு ஃபுல்ஸ்டாப்தான் வெச்சிருக்கான்” என்றார்.

அண்ணி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரான வருஷம், புதிதாக வரப்போகும் ஆபீசுகளுக்கெல்லாம் அச்சு வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டு, திருவண்ணாமலையில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு பழைய டிரெடில் மிஷினோடு அச்சகத்தை ஆரம்பித்தவர் அவர். அண்ணன் கீழ்பென்னாத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியர். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் தன் பெயரில் தொழில் நடத்தக்கூடாது என்பதால் பலரும் மனைவி பெயரில் நடத்துவது உண்டு. ஆகவே ஊரும் அப்படியே நினைத்துக்கொண்டது: பெயருக்கு அம்மா, நிஜத்தில் சார். உண்மை நேர்மாறாக இருந்தது. அண்ணனுக்கு டெமி பேப்பருக்கும் கிரவுன் பேப்பருக்கும் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவார், அவ்வளவுதான்.

ஆனால் விலை என்று வந்துவிட்டால் ஊருக்கு அந்த மூலைதான் தெரியும். கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர், கல்யாண மண்டபக்காரர், கட்சிக்காரர் என்று யார் வந்தாலும் வேலையை அண்ணியிடம் சொல்வார்கள். அண்ணி காகிதம், மை, பைண்டிங் எல்லாம் கூட்டி ஒரு விலை சொன்னால், “சார் வரட்டும், பேசிக்கலாம்” என்று சிரிப்பார்கள். சிலர் அந்தச் சிரிப்பைக்கூடச் செலவழிக்க மாட்டார்கள். “ஜாஸ்தி சொல்றீங்களே, உங்களுக்கு யார் சொன்னது இந்த ரேட்டு?” என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். அண்ணன் வந்து அதே விலையைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பல வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கே எரிச்சல் வரும். அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. ரமணாசிரமம் பக்கம் ஒன்று, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒன்று என்று வரிசையாக வந்தன. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டவன். அண்ணி ஒரு நாள் என்னை அழைத்து, “வேலை குடுக்கறவங்க அங்க இருந்தே விவரத்த அனுப்பணும். நம்ம ஊர் அச்சகம் எல்லாத்தோட விலையும் ஒண்ணா ஸ்கிரீன்ல தெரியணும். செய்ய முடியுமா தம்பி?” என்று கேட்டார். செய்தேன். என்ன அளவு, எத்தனை பிரதி, எத்தனை நிறம் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினால் போதும், கொஞ்ச நேரத்தில் நாலைந்து அச்சகங்களின் விலை திரையில் வரிசையாக வந்து நிற்கும். எந்த அச்சகத்துக்கு வேலை போனாலும் அண்ணிக்கு அவர்கள் ஒரு சிறு பங்கு தருவார்கள்.

நான் முதலில் வேறு மாதிரிதான் யோசித்தேன். எல்லா அச்சகங்களின் ரேட்டையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் அதுவே பெருக்கிக் கூட்டிச் சொல்லிவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஊர் அச்சகக்காரர்களிடம் அது நடக்குமா? ஒருவரும் ரேட்டை எழுதித் தரவில்லை. தீபம் நெருங்கினால் ஒரு விலை, பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஒரு விலை, கல்யாணமே இல்லாத ஆடியில் ஒரு விலை. அதற்கும் மேலே ஆளைப் பார்த்து ஒரு விலை. கோயில் காரியம் என்றால் கம்மி, அச்சடிக்க எழுதிக் கொடுத்த மேட்டரைப் பாதியில் மாற்றுகிற ஆள் என்றால் ஜாஸ்தி. அதனால் அண்ணி ஒரு வழி செய்தார். அச்சகத்தின் பின்பக்கம் பலகை வைத்துத் தடுத்து, அதற்குள் ஒரு டெலிபோனையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டார். பிரவுசிங் சென்டரிலிருந்து வேலை வந்ததும் ஒவ்வொரு அச்சகமாகப் போன் போட்டு விலை கேட்டு, சரியில்லை என்று பட்டால் சண்டை போட்டுக் குறைத்து, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார். அதுவரை அந்தப் பக்கம் வாடிக்கையாளரின் திரையில் “கணினி கணக்கிடுகிறது, காத்திருக்கவும்” என்று எழுத்து மின்னிக்கொண்டிருக்கும்.

அந்த வரியும் அண்ணி சொல்லி நான் போட்டதுதான். அதோடு நிற்காமல் அவரே ஒரு பிட் நோட்டீஸும் அடித்தார். “ஆள் தேவையில்லை, பேரம் தேவையில்லை, அச்சு வேலைக்குக் கம்ப்யூட்டரே விலை சொல்லும்” என்று கொட்டை எழுத்தில் போட்டு, பௌர்ணமியன்று கிரிவலப் பாதை முழுக்க ஒட்டச் செய்தார். அதிசயம் என்னவென்றால் அது பலித்தது. அண்ணி பலகைக்கு முன்னால் நின்று சொன்னால் பேரம் பேசுகிறவர்கள், அதே அண்ணி பலகைக்குப் பின்னாலிருந்து அனுப்பிய விலையைப் பார்த்து வாய் திறக்காமல் பணம் கட்டினார்கள். “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, அப்புறம் என்னா” என்று அடி அண்ணாமலை அன்னதானக்காரர் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். அண்ணி பலகைக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மகளிர் கல்லூரியில் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் சாதித்த பெண்மணி என்று சால்வை போர்த்தினார்கள். சால்வையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மறுபடி டெலிபோனுக்குப் போனார்.

அந்த பிட் நோட்டீஸ்தான் வினையாக முடிந்தது. சென்னையில் ஒரு கம்பெனி, அச்சு வேலைக்குக் கம்ப்யூட்டர் வழியாக விலை சொல்லும் முறைக்கு பேட்டன்ட் வாங்கி வைத்திருந்தது. அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவர் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர், கும்பிட்டுக்கொண்டே நடந்தவர், வழியில் எங்கள் நோட்டீஸைப் பார்த்துவிட்டார். அருணாசலேஸ்வரர் அவருக்கு என்ன அருளினாரோ தெரியாது, எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் கண்டுபிடிப்பை நீங்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறீர்கள், உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கோர்ட் என்று.

எங்கள் வக்கீல் நில வழக்குகளில் பெயர் எடுத்தவர். பேட்டன்ட் வழக்கு தமக்கு இதுதான் முதல் தடவை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, சென்னை போய்ப் புத்தகங்கள் வாங்கி வந்து படித்தார். பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். “பேட்டன்ட்ல கடைசியா கிளைம்னு ஒரு பகுதி வரும். என் உரிமை இதுதான்னு அவங்க கோடு போட்டுக் காட்றது அது. நீங்க வாசிச்சீங்களே அந்தப் பெரிய வாக்கியம், அதான். அதுல ஒவ்வொரு அம்சமா சொல்லியிருப்பாங்க. அத்தனை அம்சமும் உங்க முறையில இருந்தாத்தான் அத்துமீறல். ஒண்ணு கொறஞ்சாலும் கேஸ் நிக்காது.”

“பருப்பு போடலன்னா அது சாம்பார் இல்லன்னு சொல்றீங்க” என்றார் அண்ணி.

“அப்படியே வெச்சுக்கங்கம்மா” என்றார் வக்கீல்.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தோம். வாடிக்கையாளர் வேலையின் விவரங்களை அனுப்புவது; அதை ஒரு மையக் கணினி பெற்றுக்கொள்வது; சேமித்து வைத்த அச்சகக் கட்டணங்களோடு ஒப்பிடுவது; மனிதத் தலையீடு இன்றி விலையைக் கணக்கிடுவது; விலைகளைத் திரையில் காட்டுவது. முதல் இரண்டும் எங்களிடம் இருந்தன, கடைசியும் இருந்தது. நடுவில் இருந்த இரண்டும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வக்கீல் முகம் தெளியவில்லை. மேசை மேல் எங்கள் பிட் நோட்டீஸை எடுத்து வைத்தார். ஆள் தேவையில்லை என்று எழுதிக்கொடுத்ததே நாம்தான் என்றார். அதோடு, மனிதத் தலையீடு இன்றி என்றால் வாடிக்கையாளர் எந்த மனிதரோடும் பேசாமல் என்றுதான் பொருள், திரைக்குப் பின்னால் யார் இருந்தால் என்ன என்று அவர்கள் வாதாடுவார்கள் என்றும் சொன்னார்.

இதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு சமாதானம் வந்தது. எங்களிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டால் வழக்கு வேண்டாம், இந்த மாவட்டத்துக்கே உங்களை ஏஜென்ட் ஆக்குகிறோம், போர்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது நல்லதாகவே பட்டது. மானம் போகாது, தொழிலும் நிற்காது, கம்ப்யூட்டர் அம்மா என்று ஊர் அண்ணிக்கு வைத்திருந்த பெயரும் அப்படியே இருக்கும். அண்ணனும் அதையே சொன்னார். அண்ணி அன்று பகல் முழுக்க மிஷினில் நின்று வேலை பார்த்தார். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “லைசென்ஸ் வாங்கினா ஊர்ல எல்லா அச்சகமும் ரேட்ட எழுதி அவங்க மிஷினுக்குக் குடுக்கணும். அப்புறம் ஆடி மாசம் யாரு வெலையக் கொறச்சிப் போடுவான்? அதுவும் போவட்டும். நாம செய்யாத காரியத்துக்கு நாம ஏன் கையெழுத்துப் போடணும்?” என்றார்.

மறுநாள் காலை பேட்டன்டின் முழுப் பிரதியையும் எடுத்துவைத்து, “வா, படிப்போம்” என்று என்னைக் கூப்பிட்டார். கிளைமுக்கு முன்னால் வருகிற விளக்கப் பகுதியையும் அதே புரூஃப் முறையில் வாசித்தோம். அண்ணி நிறுத்தி நிறுத்தி அகராதி பார்த்தார். புரியாத இடத்தில் என்னைப் பொருள் சொல்லச் சொல்லி, நான் மழுப்பினால் விடாமல் மறுபடி கேட்டார். ஓரிடத்தில் அவர் குரல் நின்றது. இதுவரை உள்ள முறையின் குறைகள் என்று அதில் ஒரு பத்தி. விலை கேட்க ஓர் இடையாள் அச்சகங்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கிறது, தாமதமாகிறது, அந்த ஆளின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப விலை மாறுகிறது, இந்த இடையாளை நீக்குவதே எங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தது. அண்ணி அந்தப் பத்தியை இரண்டாம் முறை கமா விடாமல் வாசித்தார். பிறகு சிரித்தார்.

“என்னப் பத்தித்தான் எழுதியிருக்கான் தம்பி.”

வக்கீல் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளைமின் சொற்களுக்கு அவரவர் இஷ்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது, விளக்கப் பகுதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும், எதை நீக்கினோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்களோ அதைத் தங்களுடையது என்று பிறகு கேட்க முடியாது என்றார். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. இதைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பழைய முறை நாங்கள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பலகைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கணக்கிடவில்லை, ஓர் அம்மாள் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அண்ணி தம் கையெழுத்தோடு கோர்ட்டில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கோர்ட்டில் காலையில் சொன்னது மத்தியானம் பூக்கடை வரைக்கும் வந்துவிடும். அதற்கப்புறம் அவர் சொல்கிற விலைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

வக்கீல் இதையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னார். “யோசிச்சு சொல்லுங்கம்மா.”

“யோசிக்க என்னா சார் இருக்குது. எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்” என்றார் அண்ணி.

வழக்கு எங்கள் மாவட்ட கோர்ட்டிலேயே வந்தது. எங்கள் வேலையை உடனே நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை கேட்டார்கள். எங்கள் முறையை நேரில் பார்த்து எழுதிவர ஒரு வக்கீலைக் கமிஷனராக கோர்ட் அனுப்பியது. அவர் வந்த அன்று அண்ணி முதல் வேலையாக அந்தத் தடுப்புப் பலகையைக் கழற்றச் சொன்னார். இரண்டு தரப்பு வக்கீல்களும் கம்பெனி ஆட்களும் நிற்க, அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து நிற்க, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு போஸ்டர் வேலை திரையில் வந்தது. அண்ணி போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் இருந்த அச்சகக்காரருக்கு இங்கே கோர்ட்டே வந்திருப்பது தெரியாது.

“யாருக்கும்மா? அந்தக் காண்ட்ராக்டருக்கா? அவரு மூணு தடவ மேட்டர மாத்துவாரு. ஜாஸ்தியே போடு.”

“நான் பேசி மாத்தாம பாத்துக்கறேன். நீங்க நியாயமா சொல்லுங்க” என்றார் அண்ணி.

“நீ பாத்துக்கறேன்னா சரி, கம்மி பண்ணிக்கறேன்.”

கமிஷனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கம்பெனி அதிகாரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. நான் எழுதிய புரோகிராம் ஒரு தபால்காரன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

விசாரணையன்று கம்பெனி வக்கீல் எங்கள் பிட் நோட்டீஸை உயர்த்திக் காட்டினார். நீதிபதி வாங்கிப் படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார். எங்கள் வக்கீல் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி எழுந்து நின்றுவிட்டார்.

“நான்தாங்க எழுதினேன். அதுல இருக்கறது பொய்ங்க.”

“ஏன் அப்படி எழுதினீங்க?”

“நான் வெல சொன்னா பேரம் பேசறாங்க. எனக்கு யார் சொன்னதுன்னு கேக்கறாங்க. அதையே கம்ப்யூட்டர் சொல்லுதுன்னா யாரும் பேசறதில்லீங்க. அதான் அப்படி எழுதினேன்.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நான் அண்ணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அவர் எங்களிடம்கூடச் சொல்லாததை அத்தனை பேர் நடுவில் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் சொன்னார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. தடை இல்லை. கொஞ்ச காலத்தில் கம்பெனியும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. பூக்கடைக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் உண்மைதான். பிரவுசிங் சென்டரிலிருந்து வேலை வருவது அடியோடு நின்றது. “அது கம்ப்யூட்டர் இல்லையாமே, அந்த அம்மாதானாமே” என்று கிண்டல் பேசினார்கள். ஒரு பௌர்ணமி போஸ்டர் வேலையில்லாமலே போயிற்று. அண்ணி பழைய நோட்டீஸ்களைக் கிழிக்க ஆள் அனுப்பினார். திரையில் வரும் வரியையும் மாற்றச் சொன்னார். “விலை கேட்டுச் சொல்கிறேன், காத்திருங்கள்” என்று போட்டு, கீழே அவர் பெயரைப் போட்டேன். பலகையைத் திரும்ப மாட்டவில்லை.

இன்று விலை சொல்வதற்குக் கைப்பேசியே போதும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு மிஷின், கண் மூடித் திறப்பதற்குள் விசிட்டிங் கார்டுக்கு விலை சொல்லிவிடுகிறது, அதற்கு ஆடியும் தெரியாது ஆளும் தெரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பௌர்ணமிக்கு அடுத்து வந்த ஒரு சாயங்காலம் நினைவுக்கு வரும். கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். மாதிரிகளைப் புரட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அண்ணி கூட்டிப் பார்த்து விலை சொன்னார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஜாஸ்தியா இருக்குதேம்மா. இந்த ரேட்டு யாரு போட்டது?”

அண்ணி கோர்ட் உத்தரவின் நகலை எடுத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, கமா விடாமல் ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு, “அச்சு வேலைக்கு விலையத் தீர்மானிக்கறது முதல் பிரதிவாதியே தவிர கம்ப்யூட்டர் இல்லன்னு எழுதியிருக்குதுங்க. முதல் பிரதிவாதி நான்தான்” என்றார்.

ரைஸ்மில்காரர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “கோர்ட் உத்தரவுங்க. நானே கட்டுப்பட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

ரைஸ்மில்காரர் தேர்ந்தெடுத்த மாதிரியை அண்ணி பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து நாலு முனையிலும் மஞ்சள் தடவிய கல்யாண மேட்டரை எடுத்து, இரண்டு கையாலும் அண்ணியிடம் கொடுத்தார்.